எலிவேட்டர் வதைப் படலம்

வாழி சங்கிலிப்பாண்டி! சுந்தரபாண்டியம் ஈன்ற சூரன், பெல்ட்டில் ஓடும் பச்சை வண்ணக் கதிரறுப்பு மிஷின்மீது ஏறிய ஏந்தல், பிறர் சொல் புகாத் திண்செவியன், தன் சொல் தவிர வேறு சொல் அறியாத் தனிநாவினன், டீசலைத் துளித்துளியாய் எண்ணிச் சொட்டவிடும் சிக்கனச் செம்மல், நாற்பத்திரண்டு வயதில் முறுக்கிய மீசையும் முன்தள்ளிய வயிறும் தாங்கி உலவும் நடமாடும் குன்றம், அவன் தாள் வாழி! மேற்கே மலைத்தொடர் மதிலென நிற்க, கிழக்கே கண்மாய்க்கரை அரணெனக் கிடக்க, நடுவே பொன்விரித்தாற்போல் நெல் முற்றிச் சாய்ந்திருந்த கான்சாபுரத்துத் தலைமடை வயலில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தன் மிஷினின் எலிவேட்டரோடு அவன் பொருத பெரும்போரைப் புலவர் எவரும் பாடாமல் விட்டுவிட்டார்கள். அதனால் அந்தப் பாரம் நம் தலையில் விழுந்தது.

நாவில் உறையும் தேவியே, இன்று ஒருநாள் மட்டும் உன் வீணையை ஓரமாய்ச் சாய்த்து வைத்துவிட்டு, பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் திருக்கரத்தில் ஏந்தி எமக்கு அருள்வாயாக. வெண்பட்டு உடுத்தி வரவேண்டாம், கறைபடும். வெண்டாமரை ஆசனத்துக்குப் பதில் ஒரு கவிழ்த்த பெயிண்ட் வாளி போட்டிருக்கிறோம். கையில் கிரீஸ் ஒட்டினால் துடைத்துக்கொள்ள மண்ணெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் தயாராக இருக்கின்றன.

முதலில் களத்தின் பெருமை. கான்சாபுரத்தில் யோகேஸ்வரி அம்மாளின் மூன்று ஏக்கர் வயல்தான் தலைமடை. கண்மாய்த் தண்ணீர் முதலில் பாய்வது அதில். ரோட்டிலிருந்து வரும் வண்டிப்பாதை முடிவதும் அதன் வரப்பில். தலைமடையை அறுத்து வழி திறந்தாலன்றி எந்த மிஷினும் கீழ்வயல்களுக்குள் இறங்க முடியாது. அதிலிருந்து பிறந்தது அவ்வூர் வழக்கம்: தலைமடையின் கடைசிக் கதிரை எந்த மிஷின் அறுக்கிறதோ, கீழே கிடக்கும் நாற்பது ஏக்கரும் அந்த மிஷினுக்கே. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எழுதி வைத்த சட்டத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

போன மாசியில் நம் வீரனுக்கு ஒரு மடையும் வாய்க்கவில்லை. அறுப்புக் காலம் முழுதும் மிஷின் வீட்டு வாசலிலேயே நின்றது. அவன் இல்லக்கிழத்தி சுடலைமாடத்தி அதன் முகப்புத் தகட்டில் கொத்தவரை வத்தல் காயப்போட்டாள். இருக்கையில் ஓர் அடைக்கோழி பதினொரு குஞ்சு பொரித்தது. தெருவில் போகிறவர்கள் நின்று, "என்ன சங்கிலி, மிஷின் இந்த வருசம் எத்தன முட்ட?" என்று அக்கறையாய் விசாரித்தார்கள். அந்தக் கேள்வி அவன் நெஞ்சில் நெருஞ்சிமுள்ளாய்த் தைத்துக் கிடந்தது. இந்த நாற்பது ஏக்கரும் கைநழுவினால் அந்தத் தெருவில் அவனால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும், சுடலைமாடத்திக்கும் தெரியும், கோழிக்கும் தெரிந்திருக்கக் கூடும்.

இனிப் பகைவனின் பெருமை. கதிரறுக்கும் மிஷின் கதிரை வெட்டி விழுங்கி, வயிற்றுக்குள் போட்டு அடித்து, வைக்கோலைப் பின்னால் துப்பி, நெல்லை மட்டும் அடியில் சேர்க்கும். அங்கே காத்து நிற்பவன்தான் எலிவேட்டர். நெடிதுயர்ந்த தகரக் குழல் அவன் உடல். ரப்பர்ப் பட்டைகள் தைத்த செயின் அவன் குடல். ஓயாது சுழன்று, அடியில் குவியும் நெல்லை வாரி வாரி மேலே டேங்க்கில் கொட்டுவதே அவன் பிறவிப்பணி. அந்தக் குடலைச் சுழற்றப் பக்கவாட்டில் வேறொரு சிறு செயின், அது ஓட ஸ்ப்ராக்கெட் எனப்படும் பல்சக்கரங்கள் இரண்டு. அவற்றைச் சுழற்ற எஞ்சின். எஞ்சின் வேகமாய்ச் சுற்றினால் எலிவேட்டர் வேகமாய் வாரும், மெதுவாய்ச் சுற்றினால் மெதுவாய் வாரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் இந்த உண்மை, மூன்று அறுப்புக் காலம் கண்ட சங்கிலிப்பாண்டிக்கு விளங்கவில்லை.

விளங்காததற்குக் காரணம் அவனுடைய மேதைமைதான். அந்தச் சீமையில் மிஷின் வாடகை மணிக்கணக்கு. டீசல் மிஷின்காரன் பாடு. எஞ்சின் உறுமினாலும் முனகினாலும் ஒரு மணி நேரத்துக்கு வாடகை ஒன்றுதான் என்று கண்டுகொண்ட அன்றே, கையால் ஏற்றும் ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல் போகாதபடி ஒரு பழைய சைக்கிள் டியூபால் அதை இறுக்கிக் கட்டிவிட்டான். எஞ்சின் முனகியது. டீசல் மிச்சமானது. எலிவேட்டர் மலையேறும் கிழவனைப்போல் மூச்சுவாங்கியது. ஆனால் கதிருக்குள் மிஷினை ஓட்டுகிற வேகத்தை மட்டும் அவன் குறைக்கவில்லை, குறைத்தால் வயல்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். கடுகு போன இடம் ஆராய்ந்தவனுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

காலை பத்து மணி. பனி உலர்ந்தது. மச்சினன் வினோத் நெல் ஏற்ற டிராக்டரோடு வரப்போரம் நிற்க, யோகேஸ்வரி அம்மாள் ஒரு கையில் குடையும் மறு கையில் செல்போனுமாய்க் களம் கண்டாள். போர்முரசுக்குப் பதிலாக அவள் குரல் ஒலித்தது.

"தம்பி, அஞ்சு மணிக்கு வியாபாரி லாரி வந்துரும். அதுக்குள்ள அம்புட்டு நெல்லும் டிராக்டர்ல ஏறிரணும். மிஷின் ஓடுற நேரத்துக்குத்தான் வாடகை. நின்னா வாட்ச அமத்திருவேன், சொல்லிட்டேன்."

"நிக்கிறதா? என் மிஷினா?" என்றான் வீரன், மீசையை ஒருமுறை தடவிவிட்டு.

புறப்பட்டது பச்சைப் படை. வெட்டுப்பல் கறகறக்க, உருளை சுழல, துரும்பும் தூசியும் வானை மறைக்க, மதங்கொண்ட களிறு கரும்புத் தோட்டம் புகுந்தாற்போல் சங்கிலிப்பாண்டி நெல்லுக்குள் புகுந்தான். பதினாறாவது நிமிஷத்தில் போர் நின்றது. அடியில் நெல் மலைபோல் குவிய, மேலே வார வேண்டியவன் ஒவ்வொரு பிடியாய் வாரிக்கொண்டிருக்க, குழலின் அடிவயிறு அடைத்துக்கொண்டு செயின் திணறி அலறிற்று. நம் வீரன் குதித்திறங்கி, அடிமூடியைத் திறந்து, முழங்கால்வரை கொட்டிய நெல்லைத் தார்ப்பாயில் வாரி வாரிப் போட்டான். எலிவேட்டரின் வேலையை அவனே இரண்டு கைகளாலும் செய்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் முறை அடைத்தது. மூன்றாம் முறையும் அடைத்தது. ஒவ்வொரு முறையும் வரப்பிலிருந்து யோகேஸ்வரி அம்மாளின் கட்டைவிரல் செல்போனில் இறங்கி ஸ்டாப்வாட்சை நிறுத்திற்று. அன்று அவன் களத்தில் கண்ட படைக்கலங்களில் கொடியது அந்தக் கட்டைவிரல்தான். நண்பகலாயிற்று; வயலில் பாதிதான் முடிந்திருந்தது. அவனுக்கு மேலெல்லாம் நெல்லுமுனை குத்தி அரித்தது, அரிப்பைவிட அவமானம் அதிகமாக அரித்தது.

மூன்றாம் அடைப்புக்குப் பின் யோகேஸ்வரி அம்மாள் யாருக்கோ போன் செய்தாள். அரைமணி நேரத்தில் வந்து இறங்கினார் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜபருல்லா. அவருக்கும் ஒரு பெல்ட் மிஷின் உண்டு. அதை லாரியில் ஏற்றி ரோட்டோரம் நிறுத்திவிட்டு, வெறுங்கையோடு வரப்பில் நடந்து வந்தார். அடுத்தவன் இறங்கின வயலில் அனுமதியில்லாமல் கால் வைக்காத மனிதர். வரப்பிலேயே நின்று, தலையைச் சாய்த்து, எஞ்சின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டார்.

"அண்ணாச்சி, எலிவேட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. எஞ்சின் சத்தமே பத்தல. ஆக்ஸிலேட்டர முழுசா ஏத்தி ஓட்டுங்க. பொறவு அடைக்குதான்னு பாருங்க."

ஐயகோ! அறுபது சொற்களில் சொல்ல வேண்டியதை அந்த மனிதர் இருபதுக்குள் சொல்லிவிட்டார். இத்தோடு காவியம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சங்கிலிப்பாண்டியின் உள்ளத்தில் ஒற்றர்படை விழித்துக்கொண்டது. பகைவன் ஏன் வழி சொல்கிறான்? என் டீசலை எரிக்கத்தானே? டேங்க்கை வற்றவைத்து, என்னை நடுவயலில் நிறுத்தி, நாற்பது ஏக்கரையும் அள்ளிப்போகத்தானே? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்டத் தெரியாதவன் எலிவேட்டரைக் கோணல் என்று தீர்மானித்தான். மிஷினின் படியில் ஒரு காலும் மூடியின்மேல் ஒரு காலும் வைத்து, கான்சாபுரம் கேட்க அவன் வஞ்சினம் கூறினான்.

"பாய், நீங்க ஒங்க மிஷினப் பாருங்க. எலிவேட்டர் ஸ்பீட எப்படி ஏத்தணும்னு எனக்குத் தெரியும். இந்தா, ராஜபாளையம் போறேன். பெரிய ஸ்ப்ராக்கெட் வாங்கிட்டு வாரேன். அஞ்சு மணிக்குள்ள இந்த வயல்ல ஒரு கதிரு நின்னா என் மீசைய எடுத்துருதேன்."

யோகேஸ்வரி அம்மாள் குடையைச் சற்றுத் தாழ்த்தி, "மீசைய வச்சு நா என்ன செய்ய? நெல்லு ஏறணும்," என்றாள். ஆனாலும் இறங்கின மிஷினை நடுவில் ஏற்றிவிடுவது வயலுக்கு ஆகாது என்பது அவள் எண்ணம். ஐந்து மணிவரை பொறுக்கிறேன் என்று சொல்லி வேப்பமரத்து நிழலுக்குப் போய்விட்டாள்.

படையெடுப்பு தொடங்கியது. வினோத் இரவல் வாங்கிவந்த பைக்கில் ஏறிய வேந்தன் வத்திராயிருப்பைக் கடந்தான்; நெடுங்கோபுரம் நிமிர்ந்த வில்லிபுத்தூரைக் கடந்தான். கடந்தான் என்று சொல்வதும் முழு உண்மையல்ல. அங்கே வீதியெங்கும் பால் சுண்டும் மணம் கணையாய் வந்து தைக்க, வெற்றி உறுதிதானே என்று பைக்கை நிறுத்தி, வெற்றி விழாவுக்கென்று கால் கிலோ பால்கோவா வாங்கி, வெற்றிக்கு முன்பே அதில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் கடந்தான். கடிகார முள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

ராஜபாளையத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் பெலிக்ஸ். சோற்றுக்கு எழப்போன மனிதரை உட்காரவைத்து, எலிவேட்டருக்கு இருப்பதிலேயே பெரிய பல்சக்கரம் வேண்டும் என்று வீரன் கர்ஜித்தான். சைக்கிள் சக்கரத்தைவிடப் பஸ் சக்கரம் பெரியது, பஸ் வேகமாகப் போகிறது, ஆகவே பெரிய சக்கரம் பெரிய வேகம்: இதுவே அவன் கற்ற இயந்திர சாத்திரம் முழுவதும். பெலிக்ஸ் சக்கரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆனால் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்ணு கேட்டுக்கிடுங்க. செயின இழுக்குற சக்கரம் பெருசானா ஸ்பீடு கூடும். இழுபடுற சக்கரம் பெருசானா ஸ்பீடு கொறையும். ஒங்க மிஷின்ல கீழ இருக்குறதுதான் இழுக்குறது. மாத்தி மாட்டிராதீக."

சங்கிலிப்பாண்டி தலையசைத்தான். அந்தத் தலைக்குள் அப்போது வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. வென்றபின் ஜபருல்லாவைப் பார்த்துச் சொல்லவேண்டிய வாசகத்தை அவன் இயற்றிக்கொண்டிருந்தான். 'பாய், மிஷின் ஓட்டுறதுன்னா என்னன்னு இப்பத் தெரியுதா' என்று முடிப்பதா, 'தெரிஞ்சுதா' என்று முடிப்பதா என்பதில் ஒரு சிறு ஐயம் இருந்தது. பெலிக்ஸ் சொன்னதில் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது.

களம் திரும்பியபோது மணி இரண்டேகால். செயினை இழுக்கும் கீழ்ச்சக்கரம் தகரக் கூட்டுக்குள், துருவேறிய ஆறு போல்ட்டுகளுக்குப் பின்னால் பதுங்கி இருந்தது. இழுபடும் மேல்சக்கரமோ காற்று வாங்கியபடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கைக்கெட்டுவதே மாட்டத்தக்கது என்று மாவீரர்கள் ஒரு நொடியில் முடிவெடுப்பார்கள். செயினில் இரண்டு கண்ணி கூட்டி, வியர்வை ஆறாய்ப் பெருக, பற்களை நறநறத்து, தன் கட்டைவிரல் நகத்தையே பலியாய்க் கொடுத்து அவன் சக்கரத்தை ஏற்றும்போது வினோத் மெதுவாய் வாய் திறந்தான்.

"மச்சான், கீழ உள்ளதுலதான மாட்டணும்?"

"ஏலே, மிஷின் ஒனக்கா எனக்கா? செயினப் பிடி."

வினோத் செயினைப் பிடித்தான். சிறியதைக் கழற்றி இழுபடும் தண்டில் பெரியதை மாட்டியதால், ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்த எலிவேட்டர் இப்போது தவழத் தொடங்கியது. இவ்வாறாக, எலிவேட்டரின் வேகத்தைக் கூட்டுவதற்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய்வந்து அதன் வேகத்தைக் குறைத்த பெருமை, நமக்குத் தெரிந்தவரை உலகில் சங்கிலிப்பாண்டி ஒருவனுக்கே உரியது. மிஷின் பன்னிரண்டு அடி போயிற்று. அடைத்தது.

மணி மூன்று. அடிமூடியைத் திறந்தான், வாரினான், மூடினான். இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். மீசையில் தவிடு ஒட்டியிருந்தது. வினோத் வேறெங்கோ பார்த்தான். மரத்தடியில் யோகேஸ்வரி அம்மாள் தன் செல்போனையே பார்த்தாள். வீரத்தையெல்லாம் ஒரு கணம் ஒதுக்கிவைத்துச் சொன்னால், அப்போது சங்கிலிப்பாண்டிக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொரு மாசி முழுதும் வாசலில் நிற்கும் மிஷினும், அதைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்குப் போகும் சுடலைமாடத்தியும் கண்முன் வந்தார்கள். அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். ஜபருல்லா டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார். திருடன் தன் வீட்டுப் பூட்டையே திறப்பதுபோல், முதுகால் மறைத்துக்கொண்டு, அந்த சைக்கிள் டியூபை அறுத்தெறிந்து, ஆக்ஸிலேட்டரை உச்சிவரை ஏற்றினான்.

அம்மவோ! மூன்று ஆண்டு முனகலும் ஒரே மூச்சில் முழக்கமாய் வெளிப்பட, இடியேறு போல் எஞ்சின் இடிக்க, கரைமேல் கொக்குகள் கலைந்து பறக்க, தவறிய சக்கரம் தின்ற வேகத்தையும் தந்து அதற்கு மேலும் தந்து, எலிவேட்டர் எழுந்தான், வாரினான், வாரி இறைத்தான், மலையருவி தலைகீழாய்ப் பாய்வதுபோல் நெல் மேல்நோக்கிப் பாய்ந்து டேங்க்கில் பொழிந்தது. ஒரு சால், இரு சால், பத்துச் சால். அடைப்பில்லை, அலறலில்லை. டேங்க் நிறைந்தது, டிராக்டரில் கொட்டியது, மீண்டும் நிறைந்தது. யோகேஸ்வரி அம்மாளின் கட்டைவிரல் வேலையற்றுக் கிடந்தது.

"பாத்தியாலே, ஸ்ப்ராக்கெட்டோட வேலைய," என்று மச்சினனுக்கு மேலிருந்து அருளினான் வேந்தன். வினோத் அறுந்து கிடந்த டியூபைப் பார்த்தான், காலால் அதை வைக்கோலுக்குள் தள்ளினான். ரோட்டில் டீக்கிளாசோடு நின்ற ஜபருல்லா அந்தச் சத்தம் கேட்டதுமே புரிந்துகொண்டு சிரித்தார். லாரி டிரைவரிடம் கயிற்றை இறுக்கச் சொன்னார், அறுப்பு முடிவதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று.

மணி நாலரை. வயலின் நடுவே ஒரே ஒரு சால் மட்டும் மிச்சம் நின்றது, எட்டடி அகலம், எண்பதடி நீளம். அதன் கடைசிக் கதிரோடு நாற்பது ஏக்கரும் அவன் காலடியில். அந்தக் கடைசிச் சாலை நோக்கித் தன் களிற்றைத் திருப்பி, வலக்கையால் மீசையையும் இடக்கையால் ஸ்டியரிங் லிவரையும் பிடித்து, ஜபருல்லா நின்ற திசையில் முகத்தை நிறுத்தி, இயற்றி வைத்த வாசகத்தை முழங்க அவன் வாய் திறந்தபோது, எஞ்சின் இருமியது. இன்னொருமுறை இருமியது. அடங்கியது. காலையில் டீசல் டேங்க்குக்குள் குச்சி விட்டு அளந்து, முனகும் எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அவன் ஊற்றியிருந்தான்.

எஞ்சின் சத்தம் நின்றதும் ஜபருல்லா வரப்புவரை நடந்து வந்தார். "டீசலா, அண்ணாச்சி? என் லாரில இருவது லிட்டர் கேனு கெடக்கு. ஊத்தி ஓட்டுங்க, பொறவு குடுங்க. ஒரு சால்தான."

நாற்பது ஏக்கர் ஒரு தட்டில். மீசை மறு தட்டில். வினோத் கெஞ்சும் கண்களோடு பார்த்தான். யோகேஸ்வரி அம்மாள்கூட, "வாங்கி ஊத்துங்க தம்பி," என்றாள். மீசைத் தட்டு தரையைத் தொட்டது.

"என் மிஷினுக்கு இன்னொரு மிஷின்காரன் டீசல ஊத்த மாட்டேன். ஏலே வினோத்து, கேன எடுத்துக்கிட்டு வத்திராயிருப்புப் பெட்ரோல் பங்குக்குப் போ. வர்ற வரைக்கும் வயலு நிக்கும்."

யோகேஸ்வரி அம்மாள் செல்போனில் மணி பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். வியாபாரியின் லாரி தூரத்து வளைவில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. "பாய், ஒங்க மிஷின இறக்குங்க," என்றாள்.

ஆயினும் கலங்கினானில்லை நம் காவலன். அசையா மிஷினின் உச்சியில் அசையாக் குன்றமென நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் மார்பில் கட்டி, மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் அவன் மீசைத் தவிட்டுக்கு முலாம் பூச, மேற்குமலை தன் நெடுநிழலைக் கம்பளமாய் அவன் அடிகளில் விரிக்க, கீழே வேறொரு எஞ்சின் முழு உறுமலோடு வந்ததையும், கடைசிக் கதிரை அறுத்ததையும், மடை கடந்து கீழ்வயலுக்குள் இறங்கியதையும் காணாத கண்ணினனாய், பிறர் டீசல் தீண்டாப் பெருநெறி ஒன்றே துணையாய், வத்திராயிருப்புச் சாலையில் விழி பதித்து அவன் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

வினோத் டீசல் கேனோடு திரும்பி வந்தபோது அறுத்த வயலில் யாரோ வீட்டு எருமை மேய்ந்துகொண்டிருந்தது.